புழுவிடம் வாங்கிய மருந்து

மனிதர்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பது, பெரும்பாலும், ஏதோ ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் நாட்களில்தான் என்பது என் எண்ணம். உண்மை தெரிந்த பிறகு வருகிற மகிழ்ச்சிக்குப் பொறுப்பு அதிகம்; அது எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். தவறான மகிழ்ச்சிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில், எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி ஒரு வாரத்துக்கும் சற்றுக் குறைவாகவே வாய்த்தது. அதன் பிறகு எத்தனையோ நல்லவை நடந்திருக்கின்றன. ஆனாலும் திரும்பிப் போக அனுமதி கிடைத்தால் அந்த வாரத்துக்குத்தான் போவேன்.

நான் அப்போது விலங்கியலில் ஆய்வு மாணவி. என் ஆய்வு, பூச்சிகளின் நோய் எதிர்ப்பைப் பற்றியது. நம்மைப்போல் ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்துக்கொள்ளும் ரத்தம் பூச்சிகளுக்குக் கிடையாது. ஆனாலும் அவை அழுகலிலும் சேற்றிலும் சுகமாக வாழ்கின்றன. கிருமி உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் பூச்சியின் உடம்பு சின்னச் சின்னப் புரதங்களைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. அவை கிருமியின் மேலுறையில் துளை போட்டு அதைக் கொன்றுவிடுகின்றன. வெளிநாடுகளில் இதைப் பற்றி மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்துகளுக்கெல்லாம் கிருமிகள் பழகிக்கொண்டு வருவதால், நாளைக்குத் தேவைப்படும் மருந்து ஒரு புழுவின் ரத்தத்தில் இருக்கலாம் என்று நான் உறுதியாக நம்பினேன். (அந்த வயதில் எதையும் அரைகுறையாக நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.)

எங்கள் பகுதியில் பட்டுப்புழுவுக்குப் பஞ்சமில்லை. ஆய்வு முறையும் எளிது. கொதிக்க வைத்துக் கொன்ற கிருமியில் ஊசியை நனைத்துச் சில புழுக்களைக் குத்த வேண்டும். சிலவற்றைச் சுத்தமான உப்பு நீரில் நனைத்த ஊசியால் குத்த வேண்டும். சிலவற்றைத் தொடவே கூடாது. மறுநாள் எல்லாவற்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்து, கிருமி பரப்பிய கண்ணாடித் தட்டில் இட வேண்டும். ரத்தத்தில் அந்தப் புரதம் இருந்தால், சொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான ஒரு வளையம் விழும். அந்த வளையத்துக்காகத்தான் நான் பிறந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் செய்த முதல் முயற்சியில் வளையம் இருந்தது. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருந்தது, என் வழிகாட்டிப் பேராசிரியை பார்த்தால் இல்லை. அடுத்த முயற்சிக்குள் சித்திரை வெயில் வந்து, சூடு தாங்காமல் புழுக்கள் எல்லாம் செத்துப்போயின. அப்போதுதான் ஈஸ்வரி அக்காவின் நினைவு வந்தது.

அவர் என் அம்மாவுக்குத் தூரத்து உறவு. புளியம்பட்டிக்கு அருகே தோட்டம். மல்பெரி போட்டு, ஓலை வேய்ந்த குளிர்ச்சியான செட்டில் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தார். காந்திபுரத்தில் பஸ் ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னேன். எதற்கு, என்ன என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தம் புழுக்களை நெருக்கி வைத்துவிட்டு, செட்டிலேயே காற்றோட்டமான மூலையில் என் புழுத் தட்டுகளுக்கு இடம் ஒதுக்கினார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் இல்லாத நேரத்தில் இலை போட வேண்டும். "அதுக்கென்னுங்க அம்மணி, எம் புழுவாட்டம் பாத்துக்கறேன்" என்றார். இந்த வாக்கியத்தை அவர் எவ்வளவு முழுமையாகச் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

இங்கே எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். அப்பா சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்கு வார்ப்படம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பெண் படிப்பதில் அவருக்கு மறுப்பில்லை. அது எங்கே போய் முடியும் என்பதில்தான் குழப்பம். காங்கேயத்திலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்து, பதிலுக்காக மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் நடக்கவிருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வருவதாகவும், அவரது ஆய்வுக்கூடத்துக்கு மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். அப்பா இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். "அவரு கூப்புட்டாருன்னா போ கண்ணு. நானே கொண்டுபோய் உட்டுட்டு வாரேன். இல்லைன்னா காங்கேயத்துக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடலாம்" என்றார். நியாயமான ஏற்பாடுதான். என் எதிர்காலம் முழுவதும் ஒரு சொட்டுப் புழு ரத்தத்தில் நின்றது.

ஈஸ்வரி அக்காவின் செட்டில் நான் புழுக்களுக்கு ஊசி போட்ட காட்சியை விவரிக்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. புத்தகத்தில் போட்டிருந்த படத்தில் புழு அசையாமல் படுத்திருந்தது. என் புழுக்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. குத்தும்போது துள்ளின, குத்திய இடத்தில் மஞ்சளாக ரத்தம் கசிந்தது, சிறிது நேரத்தில் அந்த இடம் கறுத்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் அவர் தோள் லேசாகக் குலுங்கியதை நான் கவனித்தேன். நான் புழுத் தட்டுகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணாடித் தட்டுகளைத் தயார் செய்வதற்காகக் கோயமுத்தூர் திரும்பினேன்.

மறுநாள் போனபோது குத்தப்பட்ட புழுக்கள் எல்லாம் சுறுசுறுப்பாக இலை தின்றுகொண்டிருந்தன. என் கை தேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். ரத்தம் எடுத்துச் சிறு குப்பிகளில் அடைத்து, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து மடியில் ஏந்தியபடி பஸ்ஸில் வந்தேன். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்த கண்டக்டர், மீன் கொண்டுபோகிறேனா என்று கேட்டார். ரத்தம் என்றேன். அவர் இரண்டு இருக்கை தள்ளி நின்றபடியே, "ஆருதுங்க அம்மணி?" என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். புழுவுடையது என்று நான் சொன்ன பிறகு அன்னூர் வரை அவர் என் பக்கம் வரவில்லை. (டிக்கெட் வாங்கிவிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. வாங்கியிருந்தேன்.)

அடுத்த நாள் காலையில் கண்ணாடித் தட்டைத் திறந்தேன்.

வளையங்கள். கண்ணைச் சுருக்க வேண்டிய அவசியமே இல்லாத, அறையின் அந்தக் கோடியிலிருந்தும் தெரியக்கூடிய, அகலமான, பளிங்கு போன்ற வளையங்கள். தொடாத புழுக்களின் ரத்தத்தைச் சுற்றி ஒன்றுமில்லை. குத்திய புழுக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்கும் தெரிந்தது.

ஒரே ஒரு நெருடல் இருந்தது. வெறும் உப்பு நீரால் குத்திய புழுக்களும் அதே அளவு வளையம் தந்திருந்தன. கிருமியே நுழையாத புழு எதற்காக மருந்து தயாரிக்க வேண்டும்? நிதானமான ஆய்வாளர் இந்த இடத்தில் நின்றிருப்பார். நான் நிற்கவில்லை. காயம் பட்டாலே பூச்சியின் உடம்பு ஓரளவு விழித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த 'ஓரளவு' என்ற சொல்லை மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன். கொங்கு நாட்டுப் பட்டுப்புழு மற்றப் பூச்சிகளைவிட முன்னெச்சரிக்கை உள்ளது. கிருமி வரட்டும் என்று காத்திருக்காமல் காயம் பட்டவுடனேயே முழு மூச்சாக வேலையில் இறங்கிவிடுகிறது. இப்படி ஒரு கோட்பாட்டையே ஒரு மாலைக்குள் கட்டி முடித்தேன். அது அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வாரத்தைத்தான் சொல்கிறேன்.

அதுவரை என் படிப்பைப் பற்றி ஒன்றுமே கேட்காத அப்பா, அன்று மாலை குளித்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, என்னதான் நடந்தது என்று கேட்டார். நான் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினேன். அவர் நீண்ட நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப புழு ஒடம்புக்குள்ளயே ஒரு பட்டறை வெச்சிருக்குதுன்னு சொல்லு."

"ஆமாங்கப்பா."

"ஆர்டர் வந்த பொறவுதான் வேலை செய்யும். சும்மா ஓட்டறதில்லை."

நான் வகுப்புகளில் இத்தனை வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். இதைவிடத் தெளிவாக அந்தச் செய்தியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மறுநாள் பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் டீ வாங்கிக் கொடுத்தார் என்றும், எங்கள் பொண்ணு புழுவிலிருந்து மருந்து எடுத்திருக்கிறது என்று சொன்னார் என்றும் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். காங்கேயத்துப் பேச்சு அந்த வாரம் வீட்டில் எழவே இல்லை. பெங்களூரில் குளிர் அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். மே மாதத்தில், கோயமுத்தூரில். அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். வியர்க்க வியர்க்கப் போட்டுக் காட்டினேன்.

கருத்தரங்கத்துக்கு ஈஸ்வரி அக்காவை முறையாக அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் உதவியால் நல்லது நடந்தால் நேரில் போய் வெற்றிலை பாக்குப் பழத்தோடு அழைக்காமல் இருப்பது பெரிய குறை. போனேன். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்ட அக்கா, ஏதோ சொல்ல வந்தவர்போல், "அம்மணி, அந்தப் புழுவுங்களுக்கு அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் உங்கள் கைராசிதான் அக்கா என்று முடித்துவிட்டேன். பாராட்டை இடைமறித்துப் பேசுவது அவருக்கு வழக்கமில்லை. சிரித்தபடி மோர் கொண்டுவர உள்ளே போனார்.

கருத்தரங்கு நாளன்று அக்கா அரக்கு நிறப் பட்டுச் சேலையில், கூடை நிறைய மஞ்சள் பட்டுக்கூடுகளோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்பா வெள்ளைச் சட்டை வேட்டியில் கடைசி வரிசையில், கதவருகே. நான் பேசினேன். படங்களைக் காட்டினேன். என் கோட்பாட்டை, அந்த முன்னெச்சரிக்கைப் புழுவை, சபையின் முன் வைத்தேன். இறுதியில் அக்காவுக்கு நன்றி சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

பெங்களூர்ப் பேராசிரியர் வயதானவர். தமிழ் நன்றாகப் பேசினார். வளையங்கள் இவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததில்லை என்றார். (நான் மகிழ்ந்தேன்.) உப்பு நீர்ப் புழுக்களும் இப்படித் தருவது வியப்பாக இருக்கிறது என்றார். (மேலும் மகிழ்ந்தேன்.) புரதத்தைச் செரிக்கும் நொதியை ரத்தத்தில் கலந்து பார்த்தீர்களா, புரதமாக இருந்தால் அப்போது வளையம் மறைந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, முதல் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, புழுக்களைப் பாத்துக்கிட்டது நீங்கதானே? ஊசி போட்டப்புறம் அதுங்க எப்படி இருந்துச்சு?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"ரொம்பச் சோந்துபோச்சுங்க. இலையச் சரியாவே திங்கலைங்க. அம்மணிகிட்டச் சொன்னா சங்கடப்படும்னுட்டுச் சொல்லலைங்க."

"அப்புறம் எப்படிப் பிழைச்சுது?"

"எங்க ஊட்டுக்காரருக்குக் கால்ல முள்ளுக் குத்திச் சீழ் வெச்சப்ப டாக்டரு ஒரு கேப்சூல் குடுத்தாருங்க. அது மிச்சம் இருந்துச்சு. இதுவும் குத்துன காயந்தானுங்களே? ஒடைச்சுத் தண்ணியில கலக்கி இலை மேல தெளிச்சு, குத்துன புழுவுக்கெல்லாம் போட்டேனுங்க. நம்பி உட்டுட்டுப் போன உசுரு பாருங்க. ஒண்ணுகூடச் சாகலைங்க."

என் பேராசிரியை கண்களை மூடிக்கொண்டார். அப்போது, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார். ஒன்றுகூடச் சாகவில்லை என்று காதில் விழுந்ததும், அதுதான் நான் பெற்ற வெற்றி என்று அப்பா நினைத்துவிட்டார். மற்ற யாரும் தட்டவில்லை என்பது தெரியத் தெரிய அவர் கைகள் மெல்ல மெல்ல நின்றன. நான் மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நடந்தவற்றில் எனக்கு இன்னமும் வலிப்பது அது மட்டும்தான்.

புழு வைத்தியம் தேடிப் புறப்பட்ட நான், புளியம்பட்டி மருந்துக்கடையின் மாத்திரையைப் புழுவுக்குள் போட்டு, அதை ஊசியால் திரும்ப எடுத்து, ஐஸ் வைத்து, கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து கண்டுபிடித்திருந்தேன். பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. அந்த மாத்திரை நல்ல மாத்திரை என்பதை மிகத் துல்லியமாக நிரூபித்திருக்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தார். மாத்திரை இல்லாமல் திரும்பச் செய்து முடிவை அனுப்பச் சொன்னார். அந்த இடத்துக்கு வேறொரு மாணவரைத் தேர்ந்தெடுத்தார்.

சாப்பாட்டு வேளையில் அக்கா என்னைத் தனியாக அழைத்து, "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லைங்கக்கா. எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.

பொய்யுமில்லை. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. புழு சோர்ந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. மாத்திரையால் என்ன ஆனது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று இன்னொருவர் காக்கும் மரியாதையில் எங்கள் ஊரில் எத்தனையோ காரியங்கள் நடந்திருக்கின்றன. ஓர் அறிவியல் ஆய்வு அதில் அகப்பட்டுக்கொண்டது அது ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அப்பா சிங்காநல்லூர்க் குளக்கரையில் வண்டியை நிறுத்தி, "அப்ப பட்டறை ஓடவே இல்லையா கண்ணு?" என்றார். ஓடியிருக்கும் என்றும், ஆனால் எது புழு செய்தது, எது மாத்திரை செய்தது என்று இனிப் பிரிக்க முடியாது என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்றார். அம்மா ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். அதைக் கையில் வாங்கிய அப்பா என்னைப் பார்த்தார்.

"இதை நானே முழுங்கட்டுமா, இல்லை புழுவுக்குக் குடுத்து வாங்கிக்கட்டுமா?"

அம்மா முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வெகு நேரம் அழுதேன்.

பட்டத்துக்காக அந்த ஆய்வைத் திரும்பவும் செய்தேன், இம்முறை கல்லூரியிலேயே, புழுக்களுக்குச் சூடு தாக்காமல் இரவும் பகலும் ஈரச் சாக்கு மாற்றி. கிருமியால் குத்திய புழுக்கள் மட்டும் வளையம் தந்தன. சின்னஞ்சிறிய, மங்கலான, உண்மையான வளையங்கள். பட்டத்துக்கு அவை போதும். பெங்களூருக்கு நேரம் கடந்திருந்தது. அவற்றை நான் மதித்தேன். ஆனால் நேசித்தது அந்தப் பொய் வளையங்களைத்தான் என்பதை மறைத்துப் பயனில்லை.

காங்கேயத்துக்காரர் நல்லவர். இன்றும் நல்லவர். நான் கல்லூரி ஆசிரியை ஆனேன். பூச்சிகளின் நோய் எதிர்ப்பு என்ற பாடம் வரும் நாளில் மட்டும் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். மணி அடித்ததுகூடக் காதில் விழாது. எங்கள் வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் அப்பாவின் அந்தக் கேள்வி கூடவே வரும். என் கணவர் கேட்டார். பிள்ளைகள் பேசப் பழகிய கையோடு கேட்டார்கள்.

பல வருடங்கள் கழித்து அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து மருத்துவமனையில் இருந்தார். ஒரு மருந்து கேட்கவில்லை, மாற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்த நாளில் இளம் மருத்துவர் ஒருவர் ஊசியோடு வந்தார். அப்பா வழக்கம்போல், நேராகவே போடுகிறீர்களா, புழு வழியாகவா என்று கேட்டார். மருத்துவர் விழித்தார். அப்பா முழுக் கதையையும் சொன்னார். தாம் தனியாகக் கைதட்டியது உட்பட. மருத்துவர் சிரித்துவிட்டு, புழுவில் நிஜமாகவே அப்படி மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்குதுங்க. இந்தப் பொண்ணை நான் அன்னைக்குப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தா, அந்த மருந்து இன்னேரம் உங்க கையில இருந்திருக்கும்."

மருத்துவர் அதற்கும் சிரித்தார். கதையின் முடிவு அதுதான் என்று நினைத்துக்கொண்டார். அப்பா என் பக்கம் பார்க்காமல் கையை நீட்டினார், ஊசிக்கு.

மூன்றாவது மருந்து கேட்டது. வீட்டுக்கு வந்து இன்னும் சில வருடங்கள் நன்றாக இருந்தார். இப்போது என் பேத்திக்குக் காய்ச்சல் என்றால், அவளுடைய அம்மா மாத்திரையை நீட்ட, அவள் புழுவைப் பற்றிக் கேட்க, வீடே சிரிக்கிறது. எல்லோரும் கதையை ஸ்கூட்டரிலிருந்து தொடங்கித் தலைவலி மாத்திரையில் முடித்துவிடுவார்கள். மருத்துவமனையில் அப்பா சேர்த்த வரி அவர்கள் யாருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை.